ஒரு கரண்டிக்கு இரு பெயர்

'கிண்டர்கார்ட்டன்' என்னும் ஜேர்மன் சொல்லுக்குக் குழந்தைகளின் தோட்டம் என்பது பொருள். புறேபல் என்னும் கல்வியறிஞர் 1840ஆம் ஆண்டிற் படைத்த அச்சொல்லை ஆங்கிலேயர் அவ்வண்ணமே எடுத்துக்கொண்டனர். 1851இல் பிரஷ்ய அரசு அந்நிலையங்களைத் தடைசெய்தது. அதே ஆண்டில், நாடு நீங்கிச் சென்ற றொங்கே தம்பதியர் இலண்டனில் ஒன்றைத் தொடங்கினர். ஆதலின், இவ்விரு மொழிகளும் பாலர் பள்ளி வாயிலிற் சந்தித்தமை நேற்று நிகழ்ந்ததன்று. இன்றோ, இரண்டும் ஒரே கூரையின்கீழ் நாள்முழுதும் வழங்கும் நிலையங்கள் பேர்லின் போன்ற நகரங்களில் உள்ளன. அவற்றின் அன்றாட நடைமுறை, மொழி கற்பிக்கும் தொழிலினராகிய நாம் நோக்கத்தக்கது.

நுழைவாயிலை அடுத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொளுக்கி உண்டு. எழுத்தறியாப் பருவமாதலின், பெயரோடு ஆமை, காளான், ஆப்பிள் என ஒரு படமும் ஒட்டப்பட்டிருக்கும். வெளிச் சப்பாத்தைக் கழற்றி உள்ளே அணியும் செருப்பை மாட்டல் வேண்டும். கொளுக்கியில் நீர் புகாத காற்சட்டை தொங்கும். கீழே இறப்பர்ச் சப்பாத்து நிற்கும். மாற்றுடை தனிப் பையில் இருக்கும். மழை தூறுகின்றதென்று பிள்ளைகளை உள்ளே அடைத்துவைப்பது அந்நாட்டு வழக்கமன்று. சேற்றில் அளைந்து விளையாடுதலும் அவர்கட்கு ஒரு கல்வியே.

புதிய பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் முறை என்னை மிகவுங் கவர்ந்தது. 'பேர்லின் முறை' என வழங்கும் அதன்படி, முதல் மூன்று நாளும் தாயோ தந்தையோ பிள்ளையோடு ஏறத்தாழ ஒரு மணிநேரம் தங்கியிருந்து, சேர்ந்தே திரும்புவர், பிரிவு இல்லை. நான்காம் நாளளவிற் சில நிமிடப் பிரிவு ஒன்று சோதிக்கப்படும். அப்போதும் ஒளிந்து மறைதல் ஆகாது; சொல்லி விடைபெற்றே செல்லல் வேண்டும். அழும் பிள்ளை ஆசிரியையின் மடியில் ஆறுமாயின் பிரிவு நாளுக்குநாள் நீட்டப்படும். ஆறாதாயின் தாய் உடனே திரும்ப அழைக்கப்படுவாள். இதற்கு வாரங்கள் செல்லினும் பொறுப்பர். முதல் நாளே கையைப் பிடுங்கிக் கதவைச் சாத்திவிடும் வழக்கத்தை நம் ஊர்ப் பள்ளிகளிற் கண்டு பழகியவன் யான். மடியை நம்பாத குழந்தை அம்மடிக்குரியாள் பேசும் மொழியை எங்ஙனம் நம்பும்?

மொழியோ ஆளோடு வருகின்றது. ஓர் ஆசிரியை ஜேர்மனே பேசுவாள். மற்றையாள் ஆங்கிலமே பேசுவாள். ஒருவர்க்கு ஒரு மொழி என்னும் இந்நெறியைக் கிறமோன் என்னும் பிரெஞ்சு மொழியறிஞர் தம் நண்பர் றொன்ஜாவுக்கு உரைத்தார். றொன்ஜா தம் மகனைப் பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் அவ்வாறே வளர்த்து, 1913இல் நூலும் வெளியிட்டார். மொழிப்பாடத்துக்கெனத் தனி நேரம் இல்லை. காலையில் வட்டமாக இருந்து பாடி, வராத பிள்ளை யாரென எண்ணுவதும், கை கழுவுவதும், நண்பகல் உணவும், பிற்பகல் துயிலுமே பாடம்.

உணவு மேசையைப் பாருங்கள். நம் இலக்கணத்திற் பாற்பாகுபாடு பொருளைப் பற்றியது. ஜேர்மனிலோ கரண்டி ஆண்பால், முட்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமல்லாத மூன்றாம் பால்! சிறுமியைக் குறிக்கும் 'மேட்சென்' என்னுஞ் சொல்லும் அம்மூன்றாம் பாலினதே. வளர்ந்தோர் பட்டியலிட்டு நெட்டுருச் செய்தும் தடுமாறும் இதனை, மேசைக்குக் கரண்டி எடுத்துவைக்கும் சிறுபிள்ளை விதியொன்றும் அறியாமலே கைக்கொள்கின்றது. அதே கரண்டியை ஆங்கில ஆசிரியை கேட்கும்போது பால் மறைந்துவிடுகின்றது, பிள்ளை வியப்பதில்லை. ஜேர்மன் வினையோடு ஆங்கிலப் பெயரைக் கோத்துச் சிலவேளை பேசும். அது குழப்பமன்று, கையிலுள்ளதைக் கொண்டு கருமம் முடித்தலே.

மாதக்கணக்கில் ஆங்கிலத்தில் வாய் திறவாத பிள்ளைகளும் உண்டு. சொல்வதை விளங்கிக் கோப்பையை எடுத்து வரும். விடையை ஜேர்மனிற் சொல்லும். ஆசிரியை கடிவதில்லை, 'ஆங்கிலத்திற் சொல்' என்று வற்புறுத்துவதுமில்லை. அவ்விடையை ஏற்று, தன் மறுமொழியை ஆங்கிலத்திலேயே தருவாள். கேள்வி கேட்ட மறுகணமே விடையை எதிர்பார்த்துப் பிரம்பை நோக்கிய எம் தலைமுறையினர்க்கு இப்பொறுமை எளிதில் வாய்ப்பதன்று.

1983இன் பின் இலங்கையிலிருந்து சென்று ஜேர்மனியிற் குடியேறிய தமிழர் பலர். அவர்தம் பேரப்பிள்ளைகளுட் பலர் இன்று பாலர் பள்ளிப் பருவத்தினர். அத்தகையதொரு பிள்ளைக்கு அந்நிலையத்தின் இரு மொழிகளும் வீட்டுக்குப் புறம்பானவை. பகலின் கரண்டியும் சப்பாத்தும் அவற்றுக்கே உரியனவாகிவிட, தமிழுக்கு எஞ்சுவன காலை உடுத்தலும், மாலைக் குளிப்பும், இராச் சோறும், இடையே அக்கொளுக்கியின் கீழ்க் கழியும் சில நிமிடங்களுமே. பிள்ளை பேசும் மொழிக்குத் தாயும் மாறிவிடுதல் அவ்விடத்தில் மிக எளிது.

மாலை மூன்றரை மணிக்கு அழைத்துப்போக வந்த தாய் ஒருத்தியை எண்ணிப்பாருங்கள். ஆசிரியைமார் இருவரும் இரு மொழியில் விடைகொடுக்கின்றனர். "சப்பாத்தைப் போடு, குஞ்சு" என்கின்றாள் தாய். பிள்ளை ஜேர்மனில் ஏதோ மறுமொழி சொல்லிக் காலை நீட்டுகின்றது. அவள் அதைக் கேட்டு முறுவலித்து, "இது இல்லையடா, மற்றக் கால்" என்கின்றாள்.