எழுதியவர் கணக்கும் உழைத்தவர் கணக்கும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் கடை வைத்திருக்கும் எமது வியாபாரிகளுக்குத் தோட்டச் சம்பள நாளைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. சம்பளம் போட்டால் கடை நிரம்பும். கடன் கொப்பியில் கோடு விழும். மலையில் கொழுந்து குறைந்தால் எமது கல்லாவும் குறையும். எனவே தோட்டத் தொழிலாளியின் கணக்கு வேறு, எமது கணக்கு வேறு என்று நினைப்பது வியாபார அறிவாகாது.

2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள், யாரையும் பின்னே விட்டுவிடக் கூடாது என்கின்றன. அதற்காக வருமானம், பால், வயது, இனம் எனப் பிரித்த புள்ளிவிபரங்கள் வேண்டும் என்றும் கேட்கின்றன. நல்லதுதான். ஆனால் அந்த எண்களுக்கு உரியவர்கள் அவற்றை வாசிக்க வேண்டாமா?

துண்டும் சீட்டும்

மலையகத்தில் இது பழைய பிரச்சினை. கங்காணி காலத்தில் "துண்டு" என்றொரு தாள் இருந்தது. இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுப்பதே துண்டு. அதில் எழுதப்பட்ட தொகை சரியா, பிழையா என்று கடன்பட்டவருக்குத் தெரியாது. 1921இல் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. தாள் ஒழிந்தது, வாசிக்கத் தெரியாத நிலை முற்றாக ஒழியவில்லை.

கடைக்கு வரும் தாய்மார் சிலர் சம்பளச் சீட்டை நீட்டி, "மொதலாளி, இதுல எவ்வளவு புடிச்சிருக்காங்கன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்பதுண்டு. நான் பார்த்த சீட்டுகளில் அநேகமானவை ஆங்கிலத்தில் இருந்தன. எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர், முற்பணம் எவ்வளவு, சந்தா எவ்வளவு என்பதெல்லாம் சுருக்கெழுத்துகளாக வரிசையில் நிற்கும். பறித்த கிலோவில் எவ்வளவு கழிக்கப்பட்டது என்பது நிறுவை இடத்திலேயே பார்த்துக் கேட்க வேண்டிய கணக்கு. மாத முடிவில் அதைத் தேடிப் பிடிப்பது கடினம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் 20 நாள் வேலை செய்தால் 27,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 வீதம், அதாவது 2,160 ரூபா. இது சம்பளத்தில் கழியும். தொழில் தருநரின் பங்கு 12 வீதம், அதாவது 3,240 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், 810 ரூபா. இவை இரண்டும் சம்பளத்தில் கழியக் கூடாது. மேலதிகமாகச் செலுத்தப்பட வேண்டியவை. இந்த மூன்று வரிகளை வாசிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால், மாதம் 6,210 ரூபா தன் பெயரில் சேர்கிறதா என்று அந்தக் குடும்பம் கேட்கும்.

"தன் பெயரில்" என்பதும் முக்கியம். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்றால், ஓய்வுபெறும் வயதில் சேமலாப நிதியைப் பெறச் சத்தியக் கடதாசியோடு அலைய வேண்டி வரும். ஓர் எழுத்துப் பிழைக்கு முப்பது வருட உழைப்பு காத்து நிற்கும்.

எட்டா, முப்பத்து மூன்றா?

நாட்டின் கணக்குக்கு வருவோம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2016இல் தோட்டத் துறையின் வறுமையை 8.8 வீதம் என்றது. 2019ஆம் ஆண்டுக்கான எண் 33.8 வீதம். மூன்று வருடத்தில் தோட்டம் இவ்வளவு ஏழையானதா? இல்லை. இடையில் வறுமைக் கோடு மாற்றப்பட்டது. 2002ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய கோட்டுக்குப் பதிலாக 2012/13இன் செலவுப் பழக்கத்தைக் கொண்டு புதிய கோடு வரையப்பட்டது. பழைய எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு "தோட்டம் முன்னேறிவிட்டது" என்று மேடையில் பேசியவர்களும் இருந்தார்கள். கோடு எங்கே போடப்பட்டது என்று கேட்கத் தெரிவதும் ஒரு கல்வியே.

2023இல் அஸ்வெசும வந்தபோது இது நேரடியாகவே வயிற்றைத் தொட்டது. கல்வி, சுகாதாரம், வீடு, சொத்து, மின் பாவனை என 22 அளவுகோல்களில் குடும்பங்கள் அளக்கப்பட்டன. கிடைக்கும் தொகை மாதம் 2,500 ரூபாவா, 15,000 ரூபாவா, அல்லது ஒன்றுமே இல்லையா என்பதைப் பதிலுக்குக் கிடைத்த புள்ளிகள் தீர்மானித்தன. மேன்முறையீட்டுக்கு இடமிருந்தது. ஆனால் தனக்கு எந்தக் கேள்வியில் புள்ளி பிழைத்தது என்று தெரியாதவர் எதை வைத்து முறையிடுவார்?

எமது பங்கு

கடனை எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அல்குர்ஆனிலேயே மிக நீண்டது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்பதோடு, கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்றும், அவருக்கு இயலாவிட்டால் அவரது பொறுப்பாளர் சொல்ல வேண்டும் என்றும் அது கற்பிக்கிறது. பலவீனமானவர் சார்பில் பேச ஒருவர் இருக்க வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம். கடைக்காரர்களான நாம் இதை முதலில் எமது கொப்பியிலிருந்து தொடங்கலாம். வாடிக்கையாளர் கையிலும் தமிழில் ஒரு பிரதி இருக்கட்டும். சாமான் எடுக்கும்போதே இரண்டிலும் எழுதுவோம்.

அடுத்து, எமது பள்ளிவாசல்கள் சிலவற்றில் வகுப்பறைகளும் கணினிகளும் உள்ளன. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைத் திறந்து, சாதி சமயம் பாராமல் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சம்பளச் சீட்டு வாசிக்கவும், சேமலாப நிதி மீதியை அறியவும், அரச படிவம் நிரப்பவும் சொல்லிக்கொடுக்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச அலுவலகத்தில் விபரம் கேட்கலாம் என்பதையும் அவர்கள் அறிய வேண்டும்.

இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. கணக்குத் தெரிந்த வாடிக்கையாளர் எம்மிடமும் கேள்வி கேட்பார். நேர்மையாக வியாபாரம் செய்பவருக்கு அதில் நட்டமில்லை.