முதுமையில் சிறுநீர்த் தொல்லை: கூச்சம் வேண்டாம், பரிசோதனை வேண்டும்

நம் பெரியவர்களில் சிலர் ஜமாஅத் தொழுகைக்கு வருவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். காரணம் கேட்டால் முழங்கால் வலி என்பார்கள். உண்மையில் பலருக்குச் சிறுநீர்த் தொல்லைதான் காரணம். உளூ செய்து முடிப்பதற்குள் மீண்டும் சொட்டுகிறது. ஜும்ஆ பயான் முடியும்வரை அடக்க முடிவதில்லை. மகனிடம் சொல்லக் கூச்சம். புற்றுநோய் என்று சொல்லிவிடுவார்களோ என்று மருத்துவரிடம் போகவும் பயம்.

ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி புரோஸ்டேட். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிறது. வயது ஏற ஏற இதன் உட்பகுதி பெருத்துக் குழாயை நெருக்குகிறது. இரவில் பலமுறை எழுவது, முக்கினால்தான் சிறுநீர் வருவது, தாரை மெலிவது, முழுவதும் போகாத உணர்வு ஆகியவை இதன் அடையாளங்கள். 60 வயதைத் தாண்டிய ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த வீக்கம் உண்டு. இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தோன்றுகிறது. அது குழாயை நெருக்காததால் தொடக்கத்தில் அறிகுறியே இருக்காது. எனவே தொல்லை இருந்தால் புற்றுநோய் என்றோ, தொல்லை இல்லாவிட்டால் புற்றுநோய் இல்லை என்றோ நாமே முடிவு செய்ய முடியாது.

என்ன பரிசோதனை?

மருத்துவர் ஆசனவாய் வழியே விரலால் தொட்டுப் பார்ப்பார். ஒரு நிமிட வேலை. சிகிச்சைக்குத் தேவையான அளவு அவ்ரத்தைக் காட்ட மார்க்கத்தில் அனுமதி உண்டு. பிறகு பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை. அதன் அளவு 4-ஐத் தாண்டினாலே புற்றுநோய் என்று பதற வேண்டாம். வீக்கம், கிருமித்தொற்று இருந்தாலும் அது கூடும். சந்தேகம் இருந்தால் ஸ்கேன், சதைப் பரிசோதனை மூலம் உறுதி செய்வார்கள். தந்தைக்கோ சகோதரருக்கோ இந்தப் புற்றுநோய் இருந்திருந்தால் 45 வயதிலேயே மருத்துவரிடம் ஆலோசனை பெறுங்கள்.

சிகிச்சை

வீக்கத்துக்கு மாத்திரையே பலருக்குப் போதும். டாம்சுலோசின் சில நாட்களில் பலன் தரும். ஆனால் எழும்போது தலைசுற்றலாம். பஜ்ருக்குப் படுக்கையிலிருந்து மெதுவாக எழுங்கள். ஃபினாஸ்டரைடு பலன் தரச் சில மாதங்கள் ஆகும், அது பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், அதைச் சாப்பிடுபவர்கள் பரிசோதனைக்கு முன் சொல்லிவிட வேண்டும். மாத்திரைக்குக் கேட்காதவர்களுக்கு வெளியே கீறாமல், சிறுநீர்ப் பாதை வழியாகவே அறுவை சிகிச்சை செய்யலாம். பயந்துகொண்டு பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள்; இஷாவுக்குப் பிறகு தேநீரையும் தண்ணீரையும் குறைத்தால் போதும். சளி மாத்திரைகள் சில சிறுநீரை அடைத்துவிடும், கேட்காமல் வாங்காதீர்கள்.

சிறுநீர் அறவே வராமல் அடைத்துக்கொண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிறுநீரில் இரத்தம், விடாத முதுகெலும்பு வலி, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றுக்கும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

சொட்டு நிற்காதவர்கள் தொழுகையை விட வேண்டியதில்லை. நேரம் வந்தபின் சுத்தம் செய்து, ஒவ்வொரு ஃபர்ளுக்கும் உளூ செய்து தொழும் சலுகை உண்டு. விவரத்தை ஆலிம்களிடம் கேளுங்கள்.

பிள்ளைகளே, இரவில் வாப்பா எத்தனை முறை எழுகிறார் என்று கவனியுங்கள். அவர் வாய் திறந்து சொல்லும்வரை காத்திராமல் நீங்களே அழைத்துச் செல்லுங்கள். அல்லாஹ் நம் பெரியவர்கள் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக, ஆமீன்.