நட்ட கொடி தழையாதது ஏன்?

முற்றத்தில் முல்லைப் பதியன் ஒன்றை நட்டு, நாள்தோறும் நீர் வார்ப்போர் பலர். ஒரு திங்கள் சென்றும் அது ஒரு சாண்கூட உயராதிருப்பின், ‘இது பிழைக்காது’ என்று பிடுங்கி எறிவோரும் உளர். அவ்வாறு எறியப்படும் கொடிகளுட் பல உயிருள்ளவை. அவற்றின் வளர்ச்சி, நம் கண்ணுக்குப் புலனாகாத மண்ணுக்குள் நிகழ்ந்துகொண்டிருக்கும்.

பதியன் என்பது யாது? தாய்க்கொடியின் கிளையொன்றை வளைத்து மண்ணிற் புதைத்து, வேர் விட்டபின் அறுத்தெடுப்பதே பதியன். தாயோடு இணைந்திருந்தவரை, தாயின் வேர்களும் அதற்கு நீரூட்டின. அறுத்து நட்டபின் தன் சிறுவேர்கள் சிலவே அதற்குத் துணை. அவ்வேர்களின் நுனியை அடுத்து, நூலினும் நுண்ணிய வேர்த்தூவிகள் உள்ளன. நீரை உறிஞ்சும் பணியிற் பெரும்பங்கு அவற்றினுடையது. நான்கு திங்கள் வளர்ந்த ரை என்னும் தானியச்செடி ஒன்றில் ஏறக்குறைய 1,400 கோடி வேர்த்தூவிகள் உண்டென, 1937ஆம் ஆண்டில் டிட்மர் என்னும் அமெரிக்க அறிஞர் கணக்கிட்டார். பெயர்த்து நடும்போது இத்தூவிகளுட் பல அறுந்துபோகின்றன.

நீர்வரவு குறைந்ததும், இலைகள் தம் நுண்துளைகளை மூடி ஈரத்தைக் காக்கின்றன. அதனால் கரியமிலவாயு உட்புகுவது குறைகின்றது, உணவாக்கமும் குறைகின்றது. ஆக்கிய சிறிதளவு உணவிலும் பெரும்பகுதியைக் கொடி வேருக்கே அனுப்புகின்றது. சுவர் எழுப்புமுன் கடைகாலை உறுதி செய்தல் போன்றது அச்செயல்.

இதனை அறியாது நாம் செய்யும் உதவி தீங்காய் முடிவதுண்டு. நீர் தேங்கினால், மண்ணிடைக் காற்று நீங்கி வேர் அழுகும். உரம் மிகுந்தால், வேரிலுள்ள நீரும் வெளியே ஈர்க்கப்படும். வேர் பிடித்ததா என்று அசைத்துப் பார்த்தால், புதுத் தூவிகளும் அறும். ஐயம் எழுந்தால், தண்டை நகத்தாற் சிறிது கீறிப் பார்க்கலாம். உள்ளே பசுமை தெரியின் உயிருண்டு. அளவான ஈரம், அடியிற் சருகு மூடாக்கு, முதற் சில நாட்களுக்கு நண்பகல் நிழல் ஆகியவற்றைத் தந்து காத்திருத்தலே நம் கடன்.

வேர் ஊன்றியபின் தளிர்கள் அடுத்தடுத்துத் தோன்றும். மரத்தைப்போல் பருத்த அடியை ஆக்க வேண்டாமையால், கொடி தன் உணவை நீளுதற்குச் செலவிட்டு விரைந்து படரும். அதற்கு வேண்டுவது ஒரு கொழுகொம்பே. பற்றுக்கோடின்றித் தளர்ந்த முல்லைக்குப் பாரி வள்ளல் தன் தேரையே ஈந்தான் என்று சங்க நூல்கள் கூறும். நாம் ஒரு கொம்பை நட்டு, சில திங்கள் பொறுத்திருந்தாற் போதும்.