கல்லா நிறைஞ்சா லாபமா பாஸ்?

காலேஜ் கேட்டைத் தாண்டினா டீக்கடை. முதல் ஹவரை கட் அடிக்கிறதுல ஆரம்பிச்சு, அரியர் ரிசல்ட் வர்ற அன்னிக்கு ஆறுதல் தேடுறது வரைக்கும் நமக்கு அதுதான் போதிமரம். எப்பப் பார்த்தாலும் கூட்டம். 'அண்ணன் சம்பாதிச்சுக் குவிக்கிறார் மச்சி... பேசாம நாமளும் ஒரு டீக்கடை போட்டுடலாம்!'னு உங்க கேங்ல ஒருத்தனாவது சொல்லியிருப்பான். அவனைக் கூப்பிடுங்க. கையில பேனா கொடுங்க.

ஒரு உத்தேசக் கணக்கு. உங்க ஊர் நிலவரத்துக்கு நம்பரை மாத்திக்கலாம். ஒரு டீ 12 ரூபாய். தினம் 300 டீ. ஆக, கல்லாவுல 3,600 ரூபாய். மாசம் லட்சத்தைத் தாண்டுது. ஆஹா!

இப்ப செலவுக்கு வருவோம். பால், தூள், சர்க்கரை, கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு டீக்கு 7 ரூபாய்னு வைங்க. மிச்சம் 5 ரூபாய். அதுவும் அப்படியே பாக்கெட்டுக்குப் போகாது. கடை வாடகை 12,000, உதவிக்கு இருக்கிற பையனுக்கு 15,000, கரன்ட், தண்ணி கேன் வகையறா 3,000. மொத்தம் 30,000. ஒரு டீ விக்காட்டியும் ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் எடுத்து வெச்சே ஆகணும்!

அந்த ஆயிரத்தை அஞ்சால வகுத்தா 200. காலையில போடற முதல் 200 டீ, கடைக்காகப் போடற டீ. பி.காம் நண்பர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற 'பிரேக்-ஈவன் பாயின்ட்' இதுதான். மீதி 100 டீயிலதான் அண்ணனுக்கு லாபம். 500 ரூபாய். பையனோட ஒரு நாள் சம்பளமும் அதே 500தான். விடியறதுக்கு முன்னாடி எழுந்து அடுப்பைப் பத்த வெக்கிற முதலாளிக்கும் பையனுக்கும் ஒரே கூலி!

அப்போ லாபத்தை எப்படி ஏத்தறது?

'கூட்டத்தைக் கூட்டணும்'னுதான் எல்லாரும் சொல்வாங்க. கூட்டலாம். கூடுதலா 30 டீ வித்தா 150 ரூபாய் வரும். ஆனா, அதைவிட லேசான வழிகள் கடைக்குள்ளேயே இருக்கு.

மிச்சமாகுற பால்: ராத்திரி கடை சாத்தும்போது ரெண்டு லிட்டர் பால் வீணாப் போகுதுன்னு வைங்க. லிட்டர் 60 ரூபாய்னா 120 ரூபாய் போச்சு. அதாவது 24 டீயோட லாபம்! செமஸ்டர் லீவு என்னிக்கு, ஸ்டடி ஹாலிடேஸ் என்னிக்குன்னு தெரிஞ்சு பால் வாங்கினாலே பாதி வேஸ்ட் நின்னுடும்.

ஒரே ஒரு ரூபாய்: டீயை 13 ரூபாய் ஆக்கினா தினம் 300 ரூபாய் கூடுதல். லாபம் 500-லேர்ந்து 800. கோவிச்சுக்கிட்டு 50 டீ குறைஞ்சாலும் பழைய 500 ரூபாய்க்குக் குறையாது. இதையே தலைகீழாப் பாருங்க. பக்கத்துக் கடைக்குப் போட்டியா விலையில ஒரு ரூபாய் குறைச்சா, அதே 500-ஐப் பார்க்க 375 டீ ஆத்தணும். 'ஆஃபர்' போட்டுக் கூட்டம் சேர்த்தும் பல கடை காணாமப் போறதோட ரகசியம் இதுதான்.

கூட ஒரு வடை: டீ குடிக்க வர்றவங்கள்ல 60 பேர் வடை எடுத்தா, வடைக்கு 4 ரூபாய் நின்னாலும் 240 ரூபாய். வாடகை ஏறலை, ஆளும் ஏறலை.

ஒரு நோட்டு: 2016-ல யுபிஐ வந்த பிறகு, காசு பாதி கல்லாவுக்கும் பாதி பேங்குக்கும் போகுது. வீட்டு மளிகைக்கும் அதே கல்லாவிலேர்ந்துதான் எடுக்கறாங்க. ராத்திரி எண்ணிப் பார்த்தா எது லாபம், எது நாளைக்குப் பால் வாங்கற காசுன்னே தெரியாது. தினம் வரவு, செலவு, வேஸ்ட், வீட்டுக்கு எடுத்தது... நாலே காலம் எழுதினா போதும். முக்கியமா, தன்னோட உழைப்புக்கும் ஒரு சம்பளம் போட்டு செலவுல எழுதணும். அதுக்கு மேல மிஞ்சறதுதான் நிஜ லாபம்.

டீக்கடைக்குச் சொன்னது ஜெராக்ஸ் கடைக்கும் தையல் கடைக்கும் பொருந்தும். உங்க வீட்டுலயே கடை இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை அப்பாகூட உக்கார்ந்து ஒரு மணி நேரம் கணக்குப் பாருங்க. உங்க செமஸ்டர் ஃபீஸே அந்தக் கல்லாவுலேர்ந்துதான வருது!

கடைசியா ஒரு ஐட்டம் பாக்கி இருக்கு... அக்கவுன்ட்!

'அண்ணே, எழுதிக்கங்க'ன்னு சொல்லியே 50 டீ குடிச்சுட்டு, ஃபேர்வெல் முடிஞ்சதும் ஊருக்கு பஸ் ஏறிடுவான் ஒருத்தன். 600 ரூபாய். 'ஜஸ்ட் அறுநூறுதானே'ன்னு தோணும். அந்தக் குழியை அடைக்க அண்ணன் இன்னும் 120 டீ கூடுதலா விக்கணும். அப்படி அஞ்சு பேர் போனா, 600 டீ!

அந்த அஞ்சு பேர்ல நீங்களும் ஒருத்தரா பாஸ்? டி.சி வாங்கப் போறதுக்கு முன்னாடி, ரோட்டைத் தாண்டி ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க.