வெள்ளை முகமூடிக்குள் இரண்டு கறுப்பு அதிகாரிகள்

வெள்ளைக்காரர் ஒருவர் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பராக நடித்தால் கண்டனம் எழுகிறது. கறுப்பர்கள் முகத்தை வெளுப்பாக்கிக்கொண்டு வெள்ளைக்காரப் பெண்களாக நடித்தால் மட்டும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இது என்ன நியாயம்? 2004ஆம் ஆண்டு வெளியான ‘ஒயிட் சிக்ஸ்’ என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தைப் பார்த்தவர்கள் மனத்தில் எழக்கூடிய கேள்வி இது. சிரித்து முடித்த பிறகு யோசித்துப் பார்க்க வேண்டிய கேள்வியும் கூட.

முதலில் கதையைப் பார்ப்போம். கெவின், மார்க்கஸ் என்ற சகோதரர்கள் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. புலனாய்வுத் துறையில் அதிகாரிகள். போதைப்பொருள் கும்பலைப் பிடிக்க மளிகைக் கடைக்காரர்களாக வேடமிட்டு, கடைசியில் ஐஸ்கிரீம் விற்க வந்த அப்பாவிகளை அடித்துப் போடுகிறார்கள். உண்மையான குற்றவாளிகள் தப்பி விடுகிறார்கள். வேலை போகும் நிலையில் அவர்களுக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு, கடத்தல் மிரட்டலுக்கு ஆளான இரண்டு பணக்காரச் சகோதரிகளைப் பாதுகாப்பாக ஹாம்ப்டன்ஸுக்கு அழைத்துச் செல்வது. நியூயார்க் செல்வந்தர்கள் கோடை விடுமுறையைக் கழிக்கும் கடலோரப் பகுதி அது. வழியில் கார் சிறு விபத்துக்குள்ளாகிறது. பெண்களின் முகத்தில் சின்னக் கீறல். “இந்த முகத்தோடு வெளியே தலைகாட்ட மாட்டோம்” என்று அவர்கள் அடம்பிடிக்க, அதிகாரிகள் இருவரும் அந்தப் பெண்களாகவே மாறிக் கிளம்புகிறார்கள்.

அதிகாரிகளாக நடித்த ஷான் வேயன்ஸ், மார்லன் வேயன்ஸ் இருவரும் நிஜத்திலும் சகோதரர்கள். இயக்கியவர் அவர்களின் அண்ணன் கீனன் ஐவரி வேயன்ஸ். ஒப்பனையைச் செய்தவர் கிரெக் கேனம். 1993இல் வந்த ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ படத்தில் ராபின் வில்லியம்ஸைப் பாட்டியாக்கி ஆஸ்கார் வாங்கியவர்களில் ஒருவர் இவர். அந்தப் படத்தின் தாக்கத்தில் உருவானதுதான் கமல்ஹாசனின் ‘அவ்வை சண்முகி’ (1996) என்பது நம் ரசிகர்களுக்குத் தெரிந்த செய்தி.

முகமூடி, பொய்முடி, நிறம் மாற்றும் கண்வில்லை என்று இத்தனை பாடுபட்டும், வேடம் அந்தப் பெண்களைப் போலவே இல்லை என்று பலர் குறை சொன்னார்கள். உண்மைதான், இல்லை. கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு வந்த கதாநாயகனை வில்லன் அடையாளம் காணாமல் போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது ஒரு குறையாகவே படாது. வேடம் அச்சு அசலாகப் பொருந்திவிட்டால், திரையில் தெரிவது இரண்டு பெண்கள் மட்டுமே. உள்ளே இருக்கும் ஆண்களைப் பார்வையாளர் மறந்துவிடுவார். பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும், படத்தில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது. மாறுவேட நகைச்சுவை நிற்பதே இந்த இடைவெளியில்தான்.

இனி கேள்விக்கு வருவோம். வேடம் போட்ட பிறகு இந்த இருவருக்கும் என்ன நடக்கிறது?

விடுதியில் அறை எடுக்கும் காட்சியைக் கவனியுங்கள். அடையாள அட்டையும் கடன் அட்டையும் கேட்கிறார் ஊழியர். இவர்களிடம் இரண்டும் இல்லை. ஆனால் பணக்கார வெள்ளைப் பெண்களாகக் கூச்சல் போட்டதும் அறை கிடைத்துவிடுகிறது. அதே கூச்சலை இரண்டு கறுப்பு ஆண்கள் போட்டிருந்தால் காவலாளிகள்தான் வந்திருப்பார்கள் என்று பார்வையாளரே நினைத்துக்கொள்கிறார். படம் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

இதைவிடக் கூர்மையான காட்சி ஒன்று காருக்குள் நடக்கிறது. தோழிகள் ஒரு ராப் பாட்டுக்குச் சேர்ந்து பாடுகிறார்கள். கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்தப் பழைய வசைச்சொல் பாட்டில் வருகிறது. அதையும் உற்சாகமாகப் பாடுகிறார்கள். வேடத்திலிருக்கும் அதிகாரிகள் திடுக்கிட்டு, எப்படி இந்தச் சொல்லைச் சொல்லலாம் என்று கேட்கிறார்கள். இங்கேதான் யாரும் இல்லையே என்கிறாள் ஒருத்தி. அந்தச் சொல் யாரைக் குறிக்கிறதோ அவர்களே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

நம்மவர் இல்லாத இடத்தில் நம்மைப் பற்றி என்ன பேசுகிறார்கள்? பல இனத்தவர் சேர்ந்து வாழும் மலேசியா, சிங்கப்பூரில் அலுவலகத்திலோ பள்ளியிலோ இந்தச் சந்தேகம் வராத தமிழர் குறைவு. மாறுவேடம் அதைக் கேட்கும் வாய்ப்பைத் தருகிறது. நடிகர் எடி மர்ஃபி 1984இலேயே ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் இதைச் செய்துகாட்டினார். வெள்ளைக்காரராக வேடமிட்டு நியூயார்க்கைச் சுற்றுகிறார். கறுப்பர்கள் யாரும் இல்லாதபோது கடைக்காரர் செய்தித்தாளுக்குக் காசு வாங்க மறுக்கிறார், வங்கிக்காரர் பணத்தை அள்ளிக் கொடுக்கிறார். எல்லாம் கற்பனைதான். ஆனால் ‘நமக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது’ என்ற சந்தேகம் நிஜம்.

கரி பூசும் வழக்கத்தின் கதை வேறு. அமெரிக்காவில் 1830களிலிருந்தே வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசி மேடையேறினார்கள். கறுப்பர்களை முட்டாள்களாகவும் சோம்பேறிகளாகவும் காட்டினார்கள். அப்போது பெரும்பாலான கறுப்பர்கள் அடிமைகள், அவர்களால் மறுத்துப் பேசவும் முடியாது. 1927இல் வெளிவந்து பேசும்படங்களுக்கு வழி திறந்த ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்திலும் நாயகன் கரி பூசிக்கொண்டு பாடுகிறார். கறுப்பரின் உருவம் மேடையில் இருந்தது, அவருடைய குரல் இல்லை.

நம் பகுதியிலும் இது நடந்திருக்கிறது. மலேசியாவில் 2017இல் நோன்புப் பெருநாளையொட்டி வெளியான விளம்பரம் ஒன்றில், முகம் கறுப்பாக்கப்பட்ட பெண்ணைக் கண்டு நாயகன் மிரள்கிறான். அவள் முகம் கழுவி வெளுப்பானதும் அழகியாகிவிடுகிறாள். எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. சிங்கப்பூரில் 2019இல் மின்னணு முறையில் பணம் செலுத்தும் சேவைக்கான விளம்பரம் ஒன்றில் சீன நடிகர் ஒருவரே வெவ்வேறு பாத்திரங்களில் தோன்றினார். அதில் ஒன்று, தோலைக் கறுப்பாக்கிக்கொண்ட இந்திய ஆடவர். அங்கும் மன்னிப்புக் கேட்கப்பட்டது. ஓர் இந்திய நடிகரையே அழைத்திருக்கலாமே என்ற கேள்விக்குச் சரியான பதில் யாரிடமும் இல்லை. ‘ஒயிட் சிக்ஸ்’ படத்தால் எந்த வெள்ளை நடிகைக்கும் வாய்ப்புப் போகவில்லை. படம் முழுக்க வெள்ளை நடிகைகள் இருக்கிறார்கள். வித்தியாசம் இங்கேதான்.

அதற்காகப் படம் குற்றமற்றது என்று அர்த்தமில்லை. பணக்காரப் பெண்களென்றால் மூளை இல்லாதவர்கள் என்ற பழைய கிண்டலை அது தாராளமாகவே பயன்படுத்துகிறது. ஆனாலும் உடை மாற்றும் அறைக் காட்சியில், ஒல்லியான தோழி ஒருத்தி கண்ணாடி முன் நின்று தன் உடம்பைத் தானே திட்டித் தீர்ப்பதை அந்த ஆண்கள் இருவரும் வாயடைத்துப் பார்க்கிறார்கள். பெண்கள் தங்களுக்குள் படும் பாட்டை அவர்கள் முதன்முறையாகப் பார்ப்பது அங்கேதான்.

விமர்சகர்களுக்குப் படம் பிடிக்கவில்லை. மோசமான படங்களுக்கான ‘ராஸி’ விருதுக்கு 5 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. சகோதரர்கள் இருவரும் மோசமான ‘நடிகை’ பிரிவில் சேர்க்கப்பட்டது தனி வேடிக்கை. மக்கள் தீர்ப்பு வேறாக இருந்தது. சுமார் 3 கோடியே 70 லட்சம் டாலரில் எடுத்த படம் உலகம் முழுவதும் 11 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. விளையாட்டு வீரராக வரும் டெரி க்ரூஸ் அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு காருக்குள் மென்மையான காதல் பாட்டைப் பாடும் காட்சி இன்றும் இணையத்தில் சுற்றுகிறது.

அதே பாத்திரம், தான் விரும்பும் ‘பெண்ணின்’ பானத்தில் மாத்திரையைக் கலக்கப் பார்க்கிறது. பானம் கைமாறி அவரே குடித்துவிடுவதால் அரங்கம் சிரிக்கிறது. அமெரிக்காவில் பி.ஜி.-13 தரச்சான்று பெற்ற படம்தான். ஆனாலும் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும் பெற்றோர் அந்த இடத்தில் சிரித்துவிட்டு நகராமல், மகனிடமும் மகளிடமும் இரண்டு வார்த்தை பேச வேண்டியிருக்கும்.