நத்தத்து எறும்பும் நம் வாழைத்தோப்பும்

2022 ஆகஸ்டில் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. கரந்தமலைக் காட்டை ஒட்டிய ஊர்களில் எறும்புத் தொல்லை என்றார்கள். எறும்புக்கா இந்தப் பாடு என்று கேட்கத் தோன்றும். ஆனால் மேய்ச்சலுக்குப் போன ஆடுமாடுகளின் முகத்தில் எறும்புகள் மொய்த்துக் கண்ணைப் புண்ணாக்கின. காட்டோரம் கால் வைத்தவர்களுக்கு உடம்பெல்லாம் அரிப்பும் கொப்புளமும். கொண்டுபோன குடிதண்ணீரிலும் எறும்பு. பாம்பும் முயலும்கூட எறும்பால் செத்துக் கிடந்ததாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். காட்டோரம் குடியிருந்த சிலர் ஊருக்குள் இறங்கி வந்துவிட்டார்கள்.

அது மஞ்சள் பைத்திய எறும்பு. கலைத்துவிட்டால் திசை தெரியாமல் இங்குமங்கும் ஓடும், அதனால் இந்தப் பெயர். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிர்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. நத்தத்தில் மட்டும் இருப்பதல்ல. தென்னிந்தியாவில் பரவலாகவே உள்ளது. நம் புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரிலோ பாகூரிலோ உங்கள் கொல்லைத் தென்னை மட்டைக்கு அடியில் ஓடினாலும் வியப்பில்லை.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். 4 முதல் 5 மில்லிமீட்டர் நீளம், மெலிந்த மஞ்சள் உடல், கொஞ்சம் கருத்த வயிறு. உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு நீண்ட கால்கள், அதேபோல நீண்ட உணர்கொம்புகள். மாமரத்தில் இலையை மடித்துக் கூடு கட்டும் முசுறு வேறு. அது பெரியது, சிவப்பு, பிடித்தால் விடாது. இது இலைக்கூடு கட்டாது. கல்லுக்கடியில், சருகில், உரிமட்டைக் குவியலில், வேரிடுக்கில் குடியிருக்கும். கொட்டவும் கொட்டாது. வயிற்று நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும், அவ்வளவுதான். ஒரு எறும்பின் அமிலம் நமக்குப் பொருட்டே அல்ல. ஆயிரக்கணக்கில் ஏறி, கண்ணிலும் மூக்கிலும் பீய்ச்சினால் மாடே தாங்காது. தப்பி ஓடத் தெரியாத கோழிக்குஞ்சும் அன்று ஈன்ற கன்றும் என்ன செய்யும்?

நம் தோப்பில் சும்மா ஓடும் எறும்பு கரந்தமலையில் மட்டும் ஏன் இப்படிப் படையெடுத்தது? இதற்கான விடையைத் தேட கிறிஸ்மஸ் தீவு வரை போகவேண்டும். ஜாவாவுக்குத் தெற்கே உள்ள ஆஸ்திரேலியத் தீவு அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த எறும்பு அங்கே கரையேறிவிட்டது. பல பத்தாண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1989-இல்தான் முதல் பெருங்கூட்டம் கண்ணில் பட்டது. அதன்பின் தீவின் புகழ்பெற்ற செந்நண்டுகள் கோடிக்கணக்கில் செத்தன. கண்ணில் அமிலம் பட்டுக் குருடாகிச் செத்தன. கூட்டம் பெருகக் காரணம் மரக்கிளைகளில் ஒட்டியிருந்த செதில்பூச்சி. அது சாறு உறிஞ்சித் தேன்போன்ற கழிவைச் சொட்டும். எறும்புக்கு அது வற்றாத சாப்பாடு. பதிலுக்கு எறும்பு அந்தப் பூச்சியைக் காவல் காக்கும். ஒன்று பெருகினால் மற்றதும் பெருகும்.

மருந்து வீசியும் பார்த்தார்கள். ஹெலிகாப்டரில் ஃபிப்ரோனில் கலந்த இரையைத் தூவினார்கள். எறும்பு குறைந்தது, ஆனால் அந்த மருந்து நண்டுகளுக்கும் ஆகாது. கடைசியில் 2016 டிசம்பரில் மலேசியாவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் குளவி எறும்பைத் தொடாது. செதில்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை ஒழிக்கும். நமக்கு இது புதுக் கதை அல்ல. 2008-இல் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் பப்பாளியையும் மல்பெரியையும் படுத்தியபாடு நினைவிருக்கும். அதையும் அடக்கியது மருந்தல்ல, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒரு குளவிதான்.

ஆகவே, எறும்பைப் பார்ப்பதற்கு முன் செடியைப் பாருங்கள் என்பேன். வாழையிலும் கொய்யாவிலும் செம்பருத்தியிலும் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருக்கிறதா, அசுவினி அடைந்திருக்கிறதா, இலையில் கரும்பூசணம் படர்ந்திருக்கிறதா? அப்படியென்றால் எறும்புக்கு விருந்து தயார். அப்பிய கிளையை வெட்டி எடுத்துவிடுங்கள். கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் வெளியே திரியும் எறும்புதான் சாகும். கூட்டில் பல ராணிகள் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, இதனோடு இடத்துக்குப் போட்டிபோடும் கட்டெறும்பும் முசுறும் அழிந்து களம் காலியாகிவிடும். பாகூர் ஏரி, ஊசுட்டேரி வாய்க்கால்களின் ஓரம் மருந்து அடிப்பதை நினைத்தும் பார்க்கவேண்டாம்.

பரவும் வழியும் முக்கியம். இதன் ராணிகள் பெரும்பாலும் வேலைக்கார எறும்புகளோடு நடந்தே பக்கத்து இடத்துக்குக் குடிபோகும். செஷல்ஸ் தீவில் அளந்தபோது ஆண்டுக்கு அதிகபட்சம் சில நூறு மீட்டர்தான் நகர்ந்தது. கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நாம்தான்: நர்சரிச் செடியின் மண், டிராக்டரில் வரும் எரு, விறகு, வைக்கோல். ஒருமுறை வேரூன்றிவிட்டால் என்ன பாடு என்பதற்குப் பசிபிக்கின் ஜான்ஸ்டன் பவளத்தீவைச் சொல்லலாம். 2010-இல் அங்கே கடற்பறவைகளின் கண்ணைக் கெடுத்த இந்த எறும்பை, ஆள் மாற்றி ஆள் கூடாரத்தில் தங்கி, ஒழித்து முடிக்க 2021 ஆயிற்று. அது ஆளில்லாத குட்டித் தீவு. நம்முடையதோ ஊரும் வயலும் ஏரியும் ஒட்டிக்கிடக்கும் நிலம்.

மாட்டின் கண்ணில் எறும்பு ஏறியிருந்தால் சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆளுக்கும் அதேதான்.

தோப்பில் கூட்டம் பெருகுகிறதா என்று பார்க்க, கிறிஸ்மஸ் தீவில் செய்வதுபோல ஒரு அட்டையைத் தரையில் வைத்து, 30 விநாடியில் எத்தனை எறும்பு அதன்மேல் ஏறுகிறது என்று எண்ணலாம். பழைய கல்யாணப் பத்திரிகையே போதும். வாராவாரம் அதே இடத்தில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், நாலைந்து எறும்பை ஒரு சின்னப் பாட்டிலில் போட்டு, கொஞ்சம் சானிடைசர் ஊற்றி, பக்கத்து உழவர் உதவியகத்துக்கோ குரும்பாப்பேட்டை வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ எடுத்துப்போங்கள். எந்த மரத்தடியில் பிடித்தது, அந்த மரத்தில் என்ன பூச்சி இருந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அவர்களுக்கு வேலை பாதி மிச்சம்.