அது சோழியா?

சென்ற கோடையில் என் மகள் குடும்பத்துடன் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து ஊரிகம் வந்திருந்தாள். பேத்தி ஒரு சின்ன டப்பாவைத் திறந்து என் உள்ளங்கையில் கொட்டினாள். சுண்டுவிரல் நகமளவு நான்கு சிப்பிகள்.

"பாறைக்கு நடுவுல மணல்ல பொறுக்கினேன். இது என்ன தாத்தா?"

"இதுகூடத் தெரியாதா? சோழி!" என்றேன்.

என் மனைவி தாயம் ஆடும் சோழிகளை எடுத்து வந்தாள். ராமேசுவரத்தில் வாங்கியவை. இரண்டையும் பக்கத்தில் வைத்த பேத்தி, "உங்களோடது வழவழன்னு இருக்கு. என்னோடது கோடு கோடா இருக்கே?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

பிறகு தேடிப் படித்தேன். அவள் கேட்டதே சரியான கேள்வி. நம் சோழியின் முதுகு பளபளப்பானது. பற்கள் போன்ற வரிகள் அடிப்புற வாயின் ஓரத்தில் மட்டுமே. மாலத்தீவிலிருந்து வந்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வங்கத்தில் காசாகப் புழங்கியதும் இந்த இனமே. பேத்தியுடையதிலோ வாயில் தொடங்கும் வரிகள் முதுகையும் சுற்றி ஓடுகின்றன. அது டிரிவியா என்ற வேறு குடும்பத்து நத்தை. பாறையில் ஒட்டிவாழும் கூழ் போன்ற சிற்றுயிர்களைத் தின்று, அவற்றுக்குள்ளேயே முட்டையிடும்.

அதிலும் இரண்டு வகை உண்டு. முதுகில் மூன்று கரும்புள்ளி இருந்தால் டிரிவியா மொனாக்கா. புள்ளியே இல்லாவிட்டால் பெரும்பாலும் டிரிவியா ஆர்க்டிகா. ஆனால் இளம் மொனாக்காவுக்குப் புள்ளி இராது. கரையில் தேய்ந்ததிலும் மங்கிவிடும். பேத்தியின் நான்கில் மூன்றுக்குப் புள்ளி இருந்தது. நான்காவதை நாங்கள் முடிவு செய்யவில்லை.

கார்ன்வால் நம் தங்கவயலுக்கு அந்நியமல்ல. 1880-களில் சுரங்கம் தோண்ட அங்கிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வட ஆற்காட்டிலிருந்து நம் முன்னோர் வந்தார்கள். 2001-இல் சுரங்கம் மூடியபின் நம் பிள்ளைகள் பிழைப்புக்காக வெளியே போகிறார்கள். அங்கே பிறக்கும் குழந்தைகள் கொண்டுவருவதையெல்லாம் நாம் அறிந்த பெயரால் அழைத்துவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன்.

வாசகர்களே, உங்கள் பேரக்குழந்தைகள் ஏதேனும் பொறுக்கி வந்தால் உடனே பெயர் சொல்லாதீர்கள். நம் வீட்டுப் பொருளைப் பக்கத்தில் வைத்து, அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.

ஊருக்குத் திரும்பும்போது பேத்தி அந்த நான்காவதை என்னிடம் விட்டுச் சென்றாள். பதிலுக்கு நம் சோழி ஒன்று அவள் டப்பாவில் போயிருக்கிறது.